காசியம்மா கிணற்றில் நான் எழுதிய சிவப்பு எழுத்து

போன மாதம் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் இப்போது வேலை செய்பவர்கள். ஒருத்தி நர்ஸ், ஒருவர் என்னைப் போல் சுகாதார ஆய்வாளர், மூன்றாமவர் கம்ப்யூட்டரில் நோய்க் கணக்குகளைப் பதிபவர். கையில் ஒரு கட்டுக் காகிதம். பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் படிக்கப் போகிறார்களாம். எதைப் படிப்பது, எங்கே படிப்பது, தபால் வழியில் படித்தால் மதிப்பார்களா என்று என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். மொட்டைத் தலையனிடம் சீப்பு எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்பது போல இருந்தது எனக்கு. நான் எந்த முதுநிலையும் படித்தவன் இல்லை.

காகிதங்களைப் புரட்டினேன். எம்.பி.ஹெச். என்ற பொது சுகாதார முதுநிலை ஓரிடத்தில், தொற்றுநோயியல் ஓரிடத்தில், புள்ளியியல், மருத்துவமனை நிர்வாகம், சுகாதாரக் கொள்கை என்று தனித்தனியாக. பாதிக்கு மேல் 'ஏதேனும் ஒரு பட்டம் போதும்' என்று போட்டிருந்தது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். எங்கள் காலத்தில் அந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான் இருந்தது, அதில் எம்.பி.பி.எஸ். என்று எழுதியிருந்தது. டாக்டர்கள் டி.பி.ஹெச். என்ற பொது சுகாதாரப் பட்டயம் படிக்கலாம், எம்.டி. படிக்கலாம். மற்றவர்கள் அவர்கள் பின்னால் பிளீச்சிங் பவுடர் டின்னைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

"சார், நீங்க ஏன் படிக்கல?" என்று நர்ஸ் பெண் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் டாக்டர் சுலைகா பேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதையும்தான் சொல்லி வைக்கிறேனே.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். விலங்கியலில் பி.எஸ்ஸி., பிறகு ஒரு வருடம் சுகாதார ஆய்வாளர் பயிற்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த நகராட்சியில் சேர்ந்தேன். நாய் பிடிக்கும் வண்டி, ஓட்டல் சமையலறை, கொசு மருந்து, பிறப்பு இறப்புப் பதிவு, எல்லாம் பார்த்தாயிற்று. ஐந்தாறு வருடத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரமும் இருந்தது, நினைப்பும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் சுலைகா வந்தார். பூந்தமல்லியில் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பம். எங்கள் சுகாதார அலுவலர் மாற்றலாகிப் போய்விட, டி.பி.ஹெச். படித்த ஆள் கிடைக்கும் வரை பொறுப்புக்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அவரை அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும். மேஜையில் எப்போதும் குழந்தை மருத்துவப் புத்தகம் ஒன்று, தலையணை கனத்தில். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. படிப்பதுதான் அவர் திட்டம். பூந்தமல்லி கடைத்தெருவில் அவருக்கு ஒரு கிளினிக் வைத்துத் தருவது என்று அவருடைய அத்தா, அதாவது அப்பா, இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். எங்கள் ஆபீஸ் அவருக்கு ரயில் வரும்வரை உட்காரும் பெஞ்சு மாதிரி.

ஆனால் எந்தப் பெஞ்சையும் துடைத்துவிட்டு உட்காரும் ஆள் அவர். சத்தம் போடமாட்டார். தப்பு என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதிய ரிஜிஸ்டரைப் படித்துக்கொண்டே வருவார். சந்தேகம் வந்தால் பேனாவை மூடி, அந்த வரியின் மேல் படுக்க வைப்பார். பிறகு ஒரே கேள்வி.

"ராமலிங்கம், இது நீங்க பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா?"

வந்த இரண்டாவது வாரமே ரிஜிஸ்டரில் ஒரு ஓரம் கோடு போடச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பார்த்ததா, கேட்டதா, நினைத்ததா என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். எங்களுக்கு எரிச்சல். நானே டீக்கடையில் உட்கார்ந்து, "இந்தம்மா வகுப்பு எடுக்க வந்துட்டாங்க" என்று கேலி செய்திருக்கிறேன். பத்து வரியில் எட்டு வரிக்கு 'நினைத்தது' என்று எழுத வேண்டிவந்தபோதுதான் கேலி குறைந்தது. பிறகு நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். எல்லாவற்றுக்கும் 'பார்த்தது' என்றே எழுதினேன்.

அந்த வருடம் கோடை முடிகிற நேரம், ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு ஒரு தகவல் சீட்டு வந்தது. வசந்தி, வயது இருபத்திரண்டு, எட்டாவது மாத கர்ப்பம், மஞ்சள் காமாலை, நிலைமை மோசம். விலாசம் பட்டாபிராமில் ஒரு தெரு. கர்ப்பிணிகளுக்கு வரும் காமாலை உயிரை எடுத்துவிடும் என்பது அப்போதே எங்களுக்குத் தெரியும். தண்ணீரில்தான் வருகிறது என்பதும் தெரியும். உடனே சைக்கிளை எடுத்தேன்.

அது வசந்தியின் அம்மா காசியம்மாவின் வீடு. குவார்ட்டர்ஸ் துணிகளுக்கு இஸ்திரி போடும் வண்டி வைத்திருந்தார் காசியம்மா. புருஷன் இல்லை, ஒரே மகள். வீட்டை ஒட்டித் தெருவோரமாக ஒரு உறைகிணறு, அதைச் சுற்றி எட்டு வீடு. அந்தப் பக்கத்தில் பாதிக் கிணறு உப்புக் கரிக்கும், இது மட்டும் கல்கண்டு. அடுத்த தெருவிலிருந்துகூட குடத்தோடு வருவார்கள். கிணற்றிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு கக்கூஸ் குழி. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் பார்க்கத் தோன்றவில்லை.

"இந்தத் தண்ணிதாம்மா காரணம்" என்றேன்.

"இன்னா சார் சொல்ற? இந்தத் தண்ணியா?" என்று காசியம்மா கிணற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவே கூடியிருந்தது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்தேன், அதுவே தலைகீழ்; மருந்து கலந்த தண்ணீரில் கிருமி எப்படித் தெரியும்? பிறகு சிவப்பு பெயின்ட் எடுத்து, கிணற்றுச் சுவரில் என் கையாலேயே எழுதினேன்: 'இந்த நீர் குடிக்க உகந்தது அல்ல'. நல்ல கையெழுத்து எனக்கு, பெரிய பெரிய எழுத்து. ரிஜிஸ்டரில் 'நோய்க்குக் காரணம்: வீட்டுக் கிணறு' என்று எழுதி, ஓரத்தில் 'பார்த்தது' என்றும் போட்டேன்.

நான்காம் நாள் வசந்தி இறந்துபோனாள். குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது.

ஒரு மாதம் போயிருக்கும். காலை பத்து மணிக்கு காசியம்மா ஆபீஸுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேராக டாக்டரம்மா மேஜை முன்னால் போய் நின்றார்.

"எம்மா, என் பேத்தியக் கண்ணுல காட்டமாட்டேன்றாங்கமா. ஆஸ்பத்திரிலருந்தே சம்பந்தி ஊட்ல தூக்கிகினு போய்ட்டாங்க. 'உன் ஊட்டுத் தண்ணிய குடுத்து எங்க மருமவள கொன்ன, புள்ளையும் கொல்லப் பாக்குறியா'ன்னு கதவ சாத்திட்டாங்க. இன்ஸ்பெக்டரே எழுதி வச்சிக்கீறாரு, இன்னும் இன்னா பேச்சுன்றாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தத் தண்ணிய நானும்தானே குடிச்சேன். எனக்கு ஏம்மா வர்ல? நான் ஏன் சாவல?"

டாக்டர் சுலைகா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிக் கீழே வைத்தார். காசியம்மாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவர் அந்தத் தம்ளரைத் தொடவில்லை. பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ராமலிங்கம், அந்தக் கிணத்துல எத்தனை வீடு குடிக்குது?"

"எட்டு வீடும்மா."

"மத்த ஏழு வீட்ல யாருக்குக் காமாலை?"

நான் கேட்கவே இல்லை. "யாருக்கும் இல்ல எம்மா, ஒரு புள்ளைக்குக்கூட இல்ல" என்று காசியம்மாதான் பதில் சொன்னார்.

டாக்டர் ரிஜிஸ்டரை எடுத்தார். அந்த இரண்டு மாதத்தில் கர்ப்பிணிகளுக்குக் காமாலை என்று மூன்று பதிவுகள் இருந்தன. ஒன்று பட்டாபிராம், ஒன்று கோவில்பதாகை, ஒன்று ஆவடி. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகளை நானே குத்தி வைத்திருந்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் மூலைக்கொன்றாக இருந்தன. மூன்று இடத்துக்கும் மூன்று காரணம் எழுதியிருந்தேன்.

"உங்க பொண்ணு பட்டாபிராமுக்கு எப்ப வந்தா?" என்று காசியம்மாவிடம் கேட்டார்.

"வளகாப்பு முடிச்சி கூட்டிகினு வந்தேன்மா. வந்து மூணு வாரம்கூட ஆவல, கண்ணு மஞ்சளாயிடுச்சி."

"அதுக்கு முன்னாடி?"

"நூம்பல் பக்கம், புருஷன் ஊட்ல."

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் காமாலை தண்ணி குடிச்ச உடனே வராது, ராமலிங்கம். பெரும்பாலும் ஒரு மாசம், ஒன்றரை மாசம் உள்ளேயே இருக்கும். அப்ப அவ எங்க தண்ணி குடிச்சா? தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு அம்மா வீட்டுக்குத்தான் வருவா. நம்ம ரிஜிஸ்டர்ல அந்த விலாசம்தான் இருக்கு."

என் சொந்தத் தங்கையை இப்படித்தானே வளையல் அடுக்கிக் கூட்டிவந்தோம்! ஊரறிந்த வழக்கம். அது என் ரிஜிஸ்டரில் மட்டும் நுழையவில்லை. மற்ற இரண்டு வீட்டுக்கும் அன்றைக்கே ஓடினேன். கோவில்பதாகைப் பெண் தாய் வீட்டுக்கு வந்தவள். ஆவடிப் பெண்ணும் தாய் வீட்டுக்கு வந்தவள். இருவரும் பிழைத்திருந்தார்கள். இருவருக்கும் புருஷன் வீடு நூம்பல் பக்கத்தில், வயலை மனை போட்டு விற்ற அதே புது நகர்.

மறுநாள் காலை டாக்டரும் நானும் அங்கே போனோம். அறுபது எழுபது வீடு, பாதி பூசாத செங்கல். ஒரு பொதுக் கிணறு, அதிலிருந்து தொட்டிக்கு ஏற்றி, குழாயில் வீடு வீடாகத் தண்ணீர். யாருக்காவது காமாலை வந்ததா என்று கேட்டோம். "அதெல்லாம் இல்ல சார், நல்லாத்தான் கீறோம்" என்றார்கள். நான் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் திரும்பவில்லை. வீட்டு வாசலில் நின்று கேட்பதை விட்டு, கொல்லைப்புறம் போய் அம்மிக்கல்லைப் பார்த்தார். கல் பச்சையாக இருந்தது.

"என்னம்மா அரைச்சீங்க?"

"கீழாநெல்லி. அவருக்கு ஒடம்பு சூடு, கண்ணு லேசா மஞ்சளா இருந்திச்சி. மோர்ல கலந்து குடுத்தேன், சரியாப் பூடுச்சி."

அவர்களுக்கு அது நோயே இல்லை, சூடு. ஆஸ்பத்திரிக்கு யாரும் போகவில்லை, அதனால் எங்கள் ரிஜிஸ்டருக்கும் வரவில்லை. ஆண்கள் பத்து நாள் சோர்ந்து படுத்துவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். வாயும் வயிறுமாக இருந்த மூன்று பெண்கள்தான் சீட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், அவர்களும் வேறு ஊர் விலாசத்தில். அன்று மதியத்துக்குள் பதினாறு வீட்டு அம்மிக்கல் பச்சையாக இருந்ததைப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பார்த்தது' என்று எழுதினேன். அந்த வார்த்தையை நான் உண்மையாக எழுதியது அன்றுதான் முதல் தடவை.

குழாய் போன வழியைத் தொட்டியிலிருந்து நடந்தே பார்த்தோம். ஓரிடத்தில் குழாய் சாக்கடைக்குள் இறங்கி ஏறியது. உள்ளே கையை விட்டுத் தடவினேன். இணைப்பு உடைந்து, அதன்மேல் யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் வரும்போது கசியும். நிறுத்தியதும் சாக்கடையை உள்ளே இழுக்கும். கையை வெளியே எடுத்து டாக்டரிடம் காட்டினேன்.

"வசந்தி வீடு எது?" என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழந்தை இந்த நகரில்தான் இருக்கிறது.

ஓடினோம் என்றே சொல்ல வேண்டும். வசந்தியின் மாமியார் குழந்தையை மடியில் போட்டுப் பால் பாட்டிலை வாயில் வைத்திருந்தார். "பால்ல எந்தத் தண்ணி கலக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "கொழாத் தண்ணிதான். வெதுவெதுன்னு சுட வச்சித்தான் குடுக்குறோம்" என்றார் அந்தம்மா. டாக்டர் பாட்டிலை வாங்கி முற்றத்தில் கவிழ்த்தார். அந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டர் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார், குழாய், சைக்கிள் டியூப், அம்மிக்கல், ஒன்றரை மாதம். வசந்தியின் புருஷன் பாஸ்கருக்கு அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை. கதவோரமாக நின்று கேட்டவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"எனக்கும் வந்திச்சிமா" என்றான். "அவ வளகாப்புக்கு முன்னால. அவதான் எனக்குக் கீழாநெல்லி அரச்சிக் குடுத்தா."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அப்போ அந்தப் பொம்பளைய நான் பேசினதெல்லாம்..." என்று ஆரம்பித்து, மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

குழாயை அன்றே மூடினோம். லாரியில் தண்ணீர் விட்டோம். குழந்தையை டாக்டரே சோதித்தார், கண்ணில் மஞ்சள் இல்லை. அடுத்து ஒன்றரை மாதம் வாரம் தவறாமல் போய்ப் பார்த்தார். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஒரு பெருமூச்சு வருகிறது.

அன்று நூம்பலிலிருந்து ஆபீஸுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் சொன்னேன், "காசியம்மாவுக்கு ஆள் விட்டுச் சொல்லிடலாம்மா."

"ஆள் விட்டா எழுதினீங்க?" என்றார் டாக்டர். அவ்வளவுதான்.

அந்த வருடம் அவர் குழந்தை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. டி.பி.ஹெச்.சுக்குப் போட்டார். "ஊர் சாக்கடையைப் பாக்குறதுக்கா உன்னைய டாக்டருக்குப் படிக்க வச்சேன்?" என்று அவருடைய அத்தா மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. எனக்கும் ஆசை பிறந்தது. அதே படிப்புக்கு நானும் ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டேன். 'மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் மட்டும்' என்று அடிக்கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் சுலைகா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. படித்த இரண்டு வருடமும் தன் வகுப்புக் குறிப்புகளைக் கார்பன் வைத்து எழுதி, அடிக்காப்பியை எனக்கு அனுப்பினார். என் படிப்பு அதுதான். நர்ஸ் பெண்ணுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்.

மூவருக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டர் தம்பிக்குப் புள்ளியியல் பொருந்தும், நர்ஸுக்கு எம்.பி.ஹெச்., ஆய்வாளருக்குத் தொற்றுநோயியல். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாடத்தில் எத்தனை மாதம் தெருவுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள், ஒரு மாதம்கூட இல்லையென்றால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். கதையின் கடைசிப் பகுதியை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நூம்பலிலிருந்து வந்த பிறகு காசியம்மா கிணற்றில் பவுடர் போடாமல் பத்து நாள் விட்டு, முறைப்படி மூன்று தடவை தண்ணீர் எடுத்து அனுப்பினேன். மூன்று தடவையும் நல்ல தண்ணீர் என்று வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டின் சுண்ணாம்பும் அதை அடிக்கிற மட்டையும் எடுத்துக்கொண்டு பட்டாபிராம் போனேன். தெருவில் எல்லோரும் பார்க்க, காசியம்மாவிடம் சொன்னேன்.

"உங்க தண்ணி இல்லம்மா. நான் கேக்காம, பார்க்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அப்போ நான் இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க இல்லம்மா."

கிணற்றுச் சுவரில் சாய்ந்து, என் எழுத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். நான் மட்டையைத் தோய்த்து அழிக்க ஆரம்பித்தேன். பாழாய்ப்போன பெயின்ட், ஒரு பூச்சில் மறையவில்லை. இரண்டாவது பூச்சு பூசிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் பாஸ்கர் வந்தான். தோளில் குழந்தை, பின்னால் அவன் அம்மா. அந்தம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பாஸ்கர் மட்டும் நேராக வந்து, "அத்த, இந்தா" என்று குழந்தையைக் காசியம்மா கையில் கொடுத்தான்.

குழந்தை பசியில் வீறிட்டது. பால் மாவு டின்னும் பாட்டிலும் பாஸ்கர் கொண்டுவந்த பையில் இருந்தன. காசியம்மா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். ராட்டினக் கயிற்றில் கை வைத்தவர், இழுக்கவில்லை. பாதி அழிந்த என் எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இத்தக் காய்ச்சி புள்ளைக்குக் குடுக்கலாமா? நல்லாப் பாத்தியா சார்?"

அதுவரை எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், கமிஷனர், கவுன்சிலர், பத்திரிகைக்காரர். எதற்கும் இவ்வளவு யோசித்து நான் பதில் சொன்னதில்லை.

"பார்த்தேம்மா" என்றேன். "மூணு தடவை பார்த்தேன். குடுங்க."

அவர் கயிற்றை இழுத்தார்.